பெட்டியில் 165... திரையில் 60!



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைய கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், "அட்டைப் பெட்டிச் சுரைக்காயும் அப்படித்தானப்பா!" என்று சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண். பக்கத்தில் ஒரு மின்னல் படம், ஒரு புலிப் படம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காசை எண்ணிக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பிரித்து மாட்டினால் அந்த எண் எங்கே போயிற்று என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்க்கிறோம்?

நான் பேச வந்தது 'கேமிங் மானிட்டர்' என்று விற்கப்படும் திரைகளைப் பற்றி. 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ், 180, 240 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இந்தத் திரைகளில் பல, வாங்கிய நாள் முதல் வெறும் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. இது விளையாட்டுப் பையன்களின் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டிப்ளமோ படிக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கட்சி.

நேம் பிளேட் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்

நம் மின் இயந்திர ஆய்வகத்தில் முதல் நாள் என்ன சொல்லித் தந்தார்கள்? "மோட்டாரைத் தொடறதுக்கு முன்னாடி நேம் பிளேட்டைப் படி!" அதில் எத்தனை குதிரைத் திறன் என்று மட்டுமா இருக்கிறது? எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், ஸ்டாரா டெல்டாவா, எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம், சுற்றுப்புற வெப்பம் எவ்வளவு என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். டெல்டாவில் ஓட வேண்டிய மோட்டாரை ஸ்டாரில் இணைத்துவிட்டால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் சுற்றும், ஆனால் சுமையை இழுக்காது. அதைப் பார்த்து "மோட்டார் போச்சு" என்று சொல்பவனை நாம் டெக்னீஷியன் என்று ஒப்புக்கொள்வோமா?

மானிட்டர் கதையும் இதேதான். 165 என்பது அந்தத் திரையின் தாங்கு திறன். அது வெளிவர வேண்டுமானால் கம்ப்யூட்டர், கேபிள், போர்ட், டிரைவர், செட்டிங் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், மோட்டாரில் நிபந்தனையும் எண்ணும் ஒரே தகட்டில் இருக்கின்றன. மானிட்டர் பெட்டியில் எண் மட்டும் அரை அடி உயரத்தில் இருக்கும்; நிபந்தனை உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் கடுகளவு எழுத்தில் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

நம் அப்பா காலத்து டேப் ரெக்கார்டர்களை நினைத்துப் பாருங்கள். கையடக்கப் பெட்டியில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தால் இருபது வாட்ஸ் தேறுமா என்பதே சந்தேகம்! அதோடு ஒப்பிட்டால் மானிட்டர்காரர்கள் எவ்வளவோ தேவலை. அவர்கள் போட்ட எண் உண்மையிலேயே அந்தத் திரையில் இருக்கிறது. எடுப்பதற்குத்தான் வழி சொல்லவில்லை.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன லாபம்?

திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே 'ரெப்ரெஷ் ரேட்'. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படம் 16.67 மில்லி விநாடி நிற்கும். 144 என்றால் 6.94. 165 என்றால் 6.06.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒரு பந்து ஒரு விநாடியில் இடமிருந்து வலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் அது 32 புள்ளிகளுக்கு ஒரு தாவல் தாவும். 144-இல் சுமார் 13 புள்ளிகள். தாவல் சிறிதாகச் சிறிதாக, கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியும். விளையாட்டில் மட்டுமா? பெரிய டிராயிங்கை 'பேன்' செய்யும்போதும், நீளமான புரோகிராமை மேலும் கீழும் நகர்த்தும்போதும் எழுத்து கலங்காமல் தெரியும்.

ஆனால் ஒன்று. 60-இலிருந்து 144-க்குப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். 144-இலிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி விநாடிகூட இல்லை! எண் பெரிதாகும் அளவுக்குப் பயன் பெரிதாவதில்லை. விலை மட்டும் தவறாமல் பெரிதாகிறது. இதையும் பெட்டி சொல்லாது.

இந்த 60 எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். அங்கே தொலைக்காட்சியும் அதை ஒட்டியே அமைந்தது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ.வைக் கொண்டு வந்தபோது, 640 × 480 திரைக்கும் ஏறக்குறைய அதே 60-தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றாலும், நம் மேஜை மேல் இருக்கும் திரைக்கு அந்த 60 ஒட்டிக்கொண்டது.

1994-இல் 'வெசா' என்ற அமைப்பு இ.டி.ஐ.டி. என்ற முறையை வகுத்தது. மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகம். கேபிளைச் செருகியதும் "நான் இன்னார், எனக்கு இன்னின்ன அளவும் வேகமும் ஒத்துவரும்" என்று மானிட்டர் கம்ப்யூட்டரிடம் தன் ஜாதகத்தை நீட்டும். அதில் "முதலில் இதை வை" என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். பல கேமிங் மானிட்டர்களிலும் அந்த முதல் இடத்தில் இருப்பது 60-தான். எந்தக் கேபிளிலும், எந்தக் கார்டிலும் படம் வந்தாக வேண்டுமே என்ற ஜாக்கிரதை. அதனால்தான் புது மானிட்டரை மாட்டியதும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் 60-இல் போய் நிற்கிறது. நாமாகக் கையைப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரம். பழைய குண்டு மானிட்டரில் 60 வைத்தால் திரை சிமிட்டும், கண் வலிக்கும், தலை இடிக்கும். ஒரு மணி நேரத்தில் ஆள் அலறி அடித்துக்கொண்டு 75 அல்லது 85-க்கு மாற்றிவிடுவான். இன்றைய தட்டைத் திரையில் 60 வைத்தாலும் படம் ஆடாமல் அசையாமல் நிற்கும். குறை இருக்கிறது, வலி இல்லை. வலிக்காத நோயைத்தான் யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லையே!

குழாயும் தண்ணீரும்

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

2560 × 1440 திரையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 36,86,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். ஒரு படத்துக்கு 8,84,73,600 பிட். இதை 165-ஆல் பெருக்குங்கள். விநாடிக்குச் சுமார் 14.6 கிகாபிட் வருகிறதா? இது படத்துக்கு மட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு இன்னும் கொஞ்சம் சேரும்.

இப்போது குழாயைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 2.0 (2013-இல் வந்தது) விநாடிக்கு 18 கிகாபிட். ஆனால் 8 பிட் அனுப்ப 10 பிட்டாக மாற்றி அனுப்பும் முறை அது. ஆக நமக்குக் கிடைப்பது ஐந்தில் நான்கு பங்கு: 14.4 கிகாபிட். தேவை 14.6-க்கு மேல், இருப்பு 14.4. போகாது சார், போகவே போகாது! 144 ஹெர்ட்ஸ் என்றால் 12.74 கிகாபிட், இடைவெளியையும் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும்.

டிஸ்ப்ளே போர்ட் 1.2 (2010) என்றால் 21.6 கிகாபிட், கையில் கிடைப்பது 17.28. அதில் 165 தாராளமாகப் போகும். 1.4 என்றால் 25.92. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4-இல் கிடைப்பது 8.16 மட்டுமே. 1920 × 1080 திரையை 180 ஹெர்ட்ஸில் ஓட்ட 8.96 வேண்டும். ஆகவே அங்கேயும் கதவு மூடப்பட்டிருக்கிறது. 4கே திரையை 144-இல் ஓட்ட வேண்டுமென்றால் 28.67, டிஸ்ப்ளே போர்ட் 1.4-க்கே தாங்காது. 'டி.எஸ்.சி.' என்ற சுருக்கும் முறை இருந்தால் முடியும்.

இந்த நான்கு வரிக் கணக்கை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. "165 ஹெர்ட்ஸ்" என்ற எண்ணின் கீழே "டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும், எச்.டி.எம்.ஐ.யில் 144" என்று ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகும்?

விடுதியில் நடந்த ஒரு கதை

எங்கள் விடுதியில் ஒரு நண்பன். இரண்டு கோடை விடுமுறை முழுக்க வயரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம், ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய். அதைப் போட்டு 2560 × 1440, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினான். ஐந்து மாதம் ஆயிற்று. "மச்சான், பழசுக்கும் இதுக்கும் சைஸ்தான்டா வித்தியாசம். வேற ஒண்ணும் தெரியல" என்று புலம்பிக்கொண்டே இருந்தான்.

வாங்கிய கடையில் போய்க் கேட்டிருக்கிறான். "மானிட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. உன் கார்டுதான் பத்தல. பெரிய கார்டாப் போடு" என்று பதில். இவனும் இருக்கிற கார்டை விற்றுவிட்டு, ஊரில் அம்மாவிடம் கடன் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டான். அப்போதுதான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது.

"டேய் மாப்ள, இரு. முதல்ல பின்னாடி திருப்பு" என்றோம். திருப்பினால், எச்.டி.எம்.ஐ. கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறது! பன்னிரண்டாயிரம் ரூபாய் கிராபிக்ஸ் கார்டு ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. கேபிளைப் பிடுங்கிக் கார்டில் செருகினோம். செட்டிங்கில் 60 மட்டும் இருந்த பட்டியலில் 144 வரை வந்தது. அத்தோடு நின்றது. "165 எங்கடா?" என்றான். லேப் ரெக்கார்டின் பின் அட்டையில் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினோம். "இந்தக் குழாய்ல இவ்வளவுதான் தண்ணி வரும்." மறுநாள் நானூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கி வந்தான். மாட்டி, மானிட்டரின் சொந்த மெனுவில் அணைந்து கிடந்த 'ஓவர்க்ளாக்' என்ற ஒன்றையும் போட்டோம். 165 வந்தது.

நானூறு ரூபாய்க் கேபிளில் முடிகிற வேலைக்கு, ஒரு தாயின் தலையில் கடன் ஏற இருந்தது. இது விளையாட்டுச் சமாச்சாரமா, சொல்லுங்கள்?

சப்ளை, லைன், லோடு

எந்தக் கருவி ஓடாவிட்டாலும் நாம் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: சப்ளை சரியா, லைன் சரியா, லோடு சரியா. இதற்கும் அதே வரிசை.

சப்ளை: கேபிள் கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறதா, மதர்போர்டிலிருந்தா? கார்டின் டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறதா? 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டினால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் 60-ஐத் தாண்டும் ஆசையை விட்டுவிடலாம். லேப்டாப் என்றால் அதன் எச்.டி.எம்.ஐ. எந்தப் பதிப்பு என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளேஸ்டேஷன் 5 கொடுப்பது அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ். அதற்காக 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது, மாட்டு வண்டிக்கு விமான டயர் மாட்டுவது போல.

லைன்: நடுவில் கன்வெர்ட்டர் ஏதாவது இருக்கிறதா? வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் போட்டால் பெரும்பாலும் 60-தான். கேபிள் மேல் "2.1 கேபிள்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு முறைப்படி பதிப்பு எண் கிடையாது. 'ஹை ஸ்பீடு', 'பிரீமியம் ஹை ஸ்பீடு' (18 கிகாபிட்), 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' (48 கிகாபிட்) என்று தரப் பெயர்கள்தான். வேகத்தை ஏற்றியதும் திரை நடுநடுவே கறுத்து மீண்டால், புள்ளி புள்ளியாய் மின்னினால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். நீளம் கூடினால் தொல்லையும் கூடும்.

லோடு: மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள். டிஸ்ப்ளே போர்ட் 1.1-ஆ 1.2-ஆ என்று கேட்கும் இடம் சில மாடல்களில் உண்டு. 'ஓவர்க்ளாக்' சில மாடல்களில் உண்டு. அங்கேயே 'தகவல்' பக்கத்தில் இப்போது என்ன ஹெர்ட்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றும் காட்டும். கம்ப்யூட்டர் சொல்வதைவிட அந்தப் பக்கம் சொல்வதுதான் நம்பகமான சாட்சி. அனுப்பினேன் என்று சொல்பவனைவிட, வாங்கினேன் என்று சொல்பவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்!

எல்லாம் சரியென்றால் கடைசி ஸ்விட்ச்: விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரெப்ரெஷ் ரேட் பட்டியல் இருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் பார்ப்பவர்கள் கவனிக்க: மேலே டி.வி.க்கான அளவுகள், கீழே 'பி.சி.' என்ற தலைப்பில் கம்ப்யூட்டருக்கான அளவுகள் என்று ஒரே அளவு இரண்டு இடத்தில் இருக்கும். பெரிய எண் கீழே ஒளிந்திருக்கும். பட்டியலில் 59.94, 164.9 என்று தசமத்தில் வந்தால் பதற வேண்டாம். அது பழுதில்லை.

அப்புறம் விளையாட்டுக்குள்ளேயே வேகத்துக்குப் பூட்டு போட்டிருப்பார்கள்; அதையும் பாருங்கள். கார்டு விநாடிக்கு 70 படம்தான் வரைகிறது என்றால், திரை 165 முறை புதுப்பித்தாலும் பழைய படத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். அப்போது கடைக்காரர் சொன்ன "கார்டு பத்தல" சரிதான். ஆனால் அது கடைசியில் சொல்ல வேண்டிய வார்த்தை. முதலில் சொல்வது வியாபாரம்.

யார் மேல் தப்பு?

பொறுப்பைப் பங்கு பிரித்துப் பார்ப்போம். தயாரிப்பாளர் போட்ட எண் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை. 2021-இல் என்ன நடந்தது தெரியுமா? எச்.டி.எம்.ஐ. 2.0 அளவு திறனே உள்ள ஒரு மானிட்டரில் '2.1' என்று போட்டிருப்பது வெளியே வந்தது. உரிமம் வழங்கும் அமைப்பைக் கேட்டால், 2.0 என்று இனித் தனியாக ஒன்று கிடையாது, 2.1-இன் புதிய வசதிகள் எல்லாமே விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்ற வகைதான் என்று விளக்கம் வந்தது. அடடா! பிரியாணி என்று பலகை வைத்துவிட்டு, கறி சேர்ப்பது எங்கள் விருப்பம் என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லும்போது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் புகார் எழுதுவதற்கு முன், கேபிளைச் சரியான துளையில் செருகினோமா என்று பார்ப்பது நம் கடமை. மோட்டாரை ஸ்டாரில் இணைத்துவிட்டு கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது.

கடைக்காரர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலை முதல் இரவு வரை பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் பையனுக்கு இந்தக் கணக்கை யார் சொல்லித் தந்தார்கள்? அவனும் நம்மைப் போல ஒருவன்தான். தெரியாவிட்டால் "தெரியல அண்ணே, பார்த்துச் சொல்றேன்" என்று சொன்னால் போதும். தெரியாததை மறைக்க இன்னொரு பொருளை விற்பதைத்தான் தப்பு என்கிறேன்.

"60 போதாதா?" என்று கேட்பவர்களுக்கு

"படிக்கிற வயசுல இது ஒரு பிரச்சினையா? 60-ல ஓடினா என்ன குடி முழுகிப் போச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யாருக்கும் 165 கட்டாயமில்லை. ஆய்வக ரெக்கார்டு எழுத, படம் பார்க்க, 60 தாராளம். அது போதும் என்பவர் 60-க்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கட்டும், புத்திசாலி அவர்தான். நான் கேட்பது வேறு. 165-க்குக் காசு கொடுத்துவிட்டு 60-ஐ அனுபவிப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு நானூறு கிராம் நிறுத்தால் சும்மா இருப்போமா? தராசில் கண் வைக்கும் நம் அம்மாக்களுக்கு இருக்கும் விழிப்பு, டிப்ளமோ படிக்கும் நமக்கு வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. நாளை நாம் ஒரு தொழிற்சாலையில் நிற்போம். மேலாளர் ஒரு இயந்திரத்தைக் காட்டி, "கேட்லாக்ல சொன்ன ஸ்பீடு வரலப்பா, என்னன்னு பாரு" என்பார். "மெஷின் பழசு சார், புதுசு வாங்கிடலாம்" என்று சொல்ல டிப்ளமோ எதற்கு? சப்ளையிலிருந்து லோடு வரை ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்த்து, எங்கே குறுகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவனுக்குத்தான் அந்த வேலை. சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியில் இருக்கிறது என்பதை மேஜை மேல் இருக்கும் மானிட்டரே கற்றுத் தருகிறது. அதுவும் இலவசமாக!

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: மானிட்டர் வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மானிட்டரின் தகவல் பக்கத்தில் பெட்டியில் போட்ட எண் வர வேண்டும். "அதெல்லாம் வரும் தம்பி" என்ற வாய் வார்த்தை வேண்டாம். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

இரண்டு: பெட்டிக்குள் என்ன கேபிள் வருகிறது, எந்தப் போர்ட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்து வைத்துக்கொள்வார். பல கடைக்காரர்கள் கேட்டால் கம்பெனியும் பெட்டியில் அச்சடிக்கும். கேட்காத வரை எண் மட்டும்தான் பெரிதாகும்.

மூன்று: இது நம் மாணவர் பேரவைக்கு. ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடத்துகிறோம், நல்லது. அதோடு ஒரு சனிக்கிழமை, விடுதியிலும் சுற்று வட்டாரத்திலும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? மின்னியல், மின்னணுவியல், கணிப்பொறியியல் மூன்று துறையிலிருந்தும் நான்கு நான்கு பேர் போதும். கையில் ஒரு நல்ல டிஸ்ப்ளே போர்ட் கேபிள், ஒரு நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிள், ஒரு தாளில் மேலே சொன்ன கணக்கு. ஒரு மானிட்டருக்குப் பத்து நிமிடம். எத்தனை திரைகள் 60-இல் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணி, அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பட்டியலை வெளியிடுவோம். அப்போது நம்மிடம் இருப்பது அபிப்பிராயமாக இருக்காது, அளவீடாக இருக்கும்.

புதிய பேரவைச் செயலாளருக்கு இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன். முகாமுக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதுவரை, இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், தோழர்களே. உங்கள் மானிட்டரைப் பின்பக்கம் திருப்பி, கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை